வாடகைக்கு வீடு வாங்கலாம், வட்டிக்கு வாங்கலாமா?

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், ஸஹாபாக்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே! புனித ஜும்ஆவுடைய நாளில் அல்லாஹ்வுடைய வீட்டில் கூடியிருக்கிறோம். இன்று வீடு சம்பந்தமான ஒரு மஸ்அலாவைப் பேசப் போகிறோம். அது குடியிருக்கும் வீட்டைப் பற்றியது அல்ல. வாடகைக்கு விடுவதற்காக வாங்கும் வீட்டைப் பற்றியது.

வெளிநாட்டில் பத்து, பதினைந்து வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்களிடம் கையில் கொஞ்சம் பணம் இருக்கும். கடை நடத்துபவரிடமும் மிச்சம் பிடித்த தொகை இருக்கும். அவரிடம் வீட்டு புரோக்கர் வந்து சொல்வார்: "பாய், மூணு லட்சம் இருந்தா போதும். மீதியை பேங்க் கொடுத்துடும். வர்ற வாடகையே இ.எம்.ஐ கட்டிடும். இருபது வருஷத்துல வீடு உங்களுக்குச் சும்மா வந்த மாதிரி." கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. இந்தப் பேச்சில் ஹலால் எது, ஹராம் எது, உண்மை எது, ஏமாற்று எது என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமை.

வாடகை ஹலாலான வருமானம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீடு வாங்கி வாடகைக்கு விடுவதில் எந்தத் தவறும் இல்லை. நான்கு மத்ஹபுகளும் வாடகை ஒப்பந்தத்தை ஆகுமானது என்றுதான் சொல்கின்றன. வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும், பிள்ளைகளை ஏழைகளாக விட்டுச் செல்லக் கூடாது என்று ஒரு முஃமின் நினைப்பது நல்ல நிய்யத்துதான்.

வாடகை ஏன் ஹலால் ஆனது? இதற்கு ஃபிக்ஹில் ஓர் அழகான அடிப்படை இருக்கிறது. ஒரு பொருளின் பலன், அந்தப் பொருளுக்குப் பொறுப்பேற்பவருக்கே உரியது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வருகிறது. வீட்டுக்காரர் வாடகை வாங்குகிறார். கூரை ஒழுகினால் செலவு செய்வதும் அவர்தான். ஆறு மாதம் ஆள் வராமல் பூட்டிக் கிடந்தால் நஷ்டப்படுவதும் அவர்தான். வீடு இடிந்தால் போவது அவருடைய பணம். நஷ்டத்தைச் சுமக்கத் தயாராக இருப்பதால் லாபம் அவருக்கு ஹலாலாகிறது.

வாடகையையும் வட்டியையும் பிரிக்கும் கோடு இதுதான்.

வங்கி என்ன செய்கிறது?

வட்டிக்குக் கடன் கொடுப்பவர் எதைச் சுமக்கிறார்? வீடு பூட்டிக் கிடந்தாலும் அவருக்குத் தவணை போக வேண்டும். மழையில் சுவர் விழுந்தாலும் போக வேண்டும். வீட்டின் விலை பாதியாகக் குறைந்தாலும் போக வேண்டும். நஷ்டம் எல்லாம் உங்களுக்கு, நிச்சயமான லாபம் அவருக்கு. வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே என்று அன்று மக்காவில் பேசினார்கள். அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்துவிட்டான் என்று சூரா பகராவின் 275-வது வசனம் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே சூராவின் 278, 279-வது வசனங்களில், மீதமிருக்கும் வட்டியை விட்டுவிடும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். விடாதவர்களுக்கு அல்லாஹ்விடமிருந்தும் அவனுடைய ரஸூலிடமிருந்தும் போர் அறிவிப்புச் செய்கிறான். இவ்வளவு கடுமையான எச்சரிக்கையை வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நாம் பார்க்கிறோம்?

"ஹஜ்ரத், நான் வட்டி வாங்கவில்லையே, கொடுக்கத்தானே செய்கிறேன்" என்று சிலர் கேட்கிறார்கள். ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. வட்டியை வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சியாக நிற்கும் இருவர் என அனைவரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்தார்கள். அவர்கள் எல்லோரும் பாவத்தில் சமம் என்றும் சொன்னார்கள். கொடுப்பவருக்குத் தனி விலக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இறுதி ஹஜ்ஜில் அரஃபாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஜாஹிலிய்யாக் காலத்து வட்டி அனைத்தையும் ரத்து செய்தார்கள். முதலாவதாக யாருடைய வட்டியை ரத்து செய்தார்கள்? தம் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வர வேண்டிய வட்டியைத்தான். வட்டி விஷயத்தில் சொந்தம், அந்தஸ்து என்று எந்தச் சலுகையும் கிடையாது.

கணக்கையும் பார்ப்போம்

சிலருக்கு மார்க்கத்தைச் சொன்னால் மனம் அசையாது, கணக்கைச் சொன்னால் அசையும். அதையும் பார்த்துவிடுவோம்.

30 லட்சம் ரூபாய் வீடு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம். ஆக நம் கையிலிருந்து 3 லட்சம், வங்கியிலிருந்து 27 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 23,431 ரூபாய் வரும்.

முதல் மாதம் கட்டும் அந்த 23,431 ரூபாயில் வட்டி மட்டும் 19,125. அசலில் கழிவது வெறும் 4,306. இருபது வருடம் ஒழுங்காகக் கட்டி முடித்தால் மொத்தம் 56 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். 27 லட்சம் கடனுக்கு 29 லட்சத்துக்கு மேல் வட்டி!

அந்த வீட்டுக்கு மாதம் 9,000 ரூபாய் வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று புரோக்கர் சொன்னாரே, கட்டுகிறதா? வட்டியில் பாதிக்குக்கூட அது காணாது. மாதாமாதம் 14,000 ரூபாய்க்கு மேல் நம் கையை விட்டுப் போக வேண்டும். அதாவது குடியிருப்பவர் உழைத்துக் கொடுக்கும் ஹலாலான வாடகை, நம் கை வழியாக அப்படியே வட்டிக்குப் போகிறது.

அந்த 3 லட்சம் முன்பணமும் போதாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் அதற்கே 2,70,000 ரூபாய் வேண்டும். இந்த மதிப்புள்ள வீட்டுக்கு வங்கி அந்தச் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டுக் கடன் தராது. அப்போது என்ன நடக்கிறது? மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. ஒரு வட்டிக்குள் நுழைய இன்னொரு வட்டி!

வட்டி விகிதமும் ஒரே இடத்தில் நிற்காது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம்! மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களுக்குத் தவணைத் தொகை கூடியது, அல்லது வருடங்கள் நீண்டன. தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக் கடன். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்கும் கட்டாவிட்டால் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்த வங்கிக்கு அதிகாரம் உண்டு.

வட்டியில் அல்லாஹ் பரக்கத்தை அழித்துவிடுகிறான், தர்மங்களை வளர்க்கிறான் என்ற கருத்து பகராவின் 276-வது வசனத்தில் வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தால் அந்த வசனத்தின் பொருள் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு வாடகை உயர்ந்து கணக்கு லாபமாக வந்தாலும் ஹுக்மு மாறாது. வட்டி நஷ்டம் தருவதால் ஹராம் ஆகவில்லை. அல்லாஹ் தடுத்ததால் ஹராம் ஆனது.

நிர்பந்தம் என்று சொல்லலாமா?

"சில உலமாக்கள் நிர்பந்தம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்களே" என்று ஒரு கேள்வி வருகிறது. 1999-இல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் அப்படி ஒரு முடிவை வெளியிட்டது உண்மைதான். அதை ஏற்காத உலமாக்கள் பலர் இருக்கிறார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஃபத்வாவில் போட்ட நிபந்தனை என்ன? மேற்கு நாடுகளில் வாழும் ஒரு முஸ்லிம், தானும் தன் குடும்பமும் குடியிருப்பதற்காக வாங்க வேண்டும். அவருக்குத் தேவைக்குப் போதுமான வேறு வீடு இருக்கக் கூடாது. வீடு வாங்கும் அளவுக்கு உபரியான சொத்தும் இருக்கக் கூடாது.

அன்பானவர்களே, யோசித்துப் பாருங்கள். மிகவும் தளர்வாகப் பேசிய ஃபத்வாவே குடியிருக்கும் வீட்டோடு நின்றுவிட்டது. இரண்டாவதாக ஒரு வீடு, அதுவும் வாடகை வருமானத்துக்காக வாங்குவதை யாரும் நிர்பந்தம் என்று சொன்னதில்லை. பசியால் உயிர் போகும் நிலையில் இருப்பவனுக்குத் தரப்பட்ட சலுகையைக் காட்டி, விருந்துக்கு இலை போடக் கூடாது.

ஒத்தி என்ற பின்வாசல்

வங்கி வேண்டாம் என்று முடிவு செய்யும் சிலர் வேறொரு வழியில் நுழைகிறார்கள். கொஞ்சம் முன்பணம் போட்டு வீட்டைப் பேசி முடிப்பது, பிறகு அதே வீட்டை 8 லட்சத்துக்கோ 10 லட்சத்துக்கோ ஒத்திக்கு விட்டு மீதிக் கடனை அடைப்பது. சில ஊர்களில் இதைப் போக்கியம் என்கிறோம், சில ஊர்களில் லீஸ் என்கிறோம். பெயர் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். பணம் கொடுத்தவர் மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருப்பார். முடிவில் கொடுத்த பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் வாங்கிக்கொண்டு போவார்.

இதில் வட்டி எங்கே இருக்கிறது? முழுதாகத் திரும்பி வருவதால் அந்தப் பணம் கடன். அந்தக் கடனைக் கொடுத்ததற்காக மூன்று வருடம் இலவசக் குடியிருப்பு கிடைக்கிறது. வட்டியை ரூபாயாக வாங்காமல் வாடகையாக வாங்குகிறார், அவ்வளவுதான்.

அடமானம் வைத்த பிராணியில் தீனிச் செலவுக்கு ஈடாக ஏறிச் செல்லலாம், பால் கறக்கலாம் என்று புகாரியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஒத்திக்கு அதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அங்கே அனுமதி கிடைத்தது தீனி போடும் செலவுக்கு ஈடாகத்தான். இந்த ஹதீஸை வைத்து அனுமதிக்கும் ஹன்பலி மத்ஹபு இமாம்களும் செலவின் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒத்தி வீட்டுக்கு எவர் தீனி போடுகிறார்?

ஹஜ்ரத் அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள், தம்மைச் சந்திக்க மதீனா வந்த அபூபுர்தா (ரஹ்) அவர்களுக்கு ஓர் உபதேசம் செய்தார்கள். வட்டி பரவிக் கிடக்கும் நாட்டில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்களிடம் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அதுவும் வட்டிதான் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இதுவும் புகாரியில் இருக்கிறது. ஒரு சுமை வைக்கோலுக்கே இந்த எச்சரிக்கை என்றால், மூன்று வருட வாடகைக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம்?

பதினைந்து வீடுகள் வைத்திருந்த ஸஹாபி

சொத்து சேர்ப்பதும் கடன் வாங்குவதும் நம் முன்னோர்களுக்கு அன்னியமானவை அல்ல. சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான ஹஜ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களின் வரலாறு புகாரியில் விரிவாக வருகிறது. அவர்களுக்கு மதீனாவில் 11 வீடுகள், பஸராவில் 2, கூஃபாவில் 1, மிஸ்ரில் 1 வீடு இருந்தன. ஙாபா என்ற நிலமும் இருந்தது.

மக்கள் அவர்களிடம் அமானிதமாகப் பணம் கொடுக்க வருவார்கள். அமானிதமாக வேண்டாம், கடனாகத் தாருங்கள், அது தொலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்பார்கள். அமானிதம் கவனக்குறைவின்றித் தொலைந்தால் பொறுப்பில்லை. கடன் என்றால் எப்படியும் திருப்பித் தந்தாக வேண்டும். மக்களின் பணத்துக்குத் தாமே பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

ஜமல் போர் நாளில் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, என் பெரிய கவலை என் கடன்தான் என்று சொன்னார்கள். உன்னால் முடியாமல் போனால் என் எஜமானனிடம் உதவி கேள் என்றார்கள். யார் அந்த எஜமானன் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்றார்கள்! அன்று அவர்கள் ஷஹீதானார்கள். மகன் கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சம். தந்தை 1,70,000-க்கு வாங்கிய ஙாபா நிலத்தை மகன் 16 லட்சத்துக்கு விற்று, கடனை அடைத்தார்கள். கடன் தீர்ந்த பிறகும் உடனே பங்கு பிரிக்கவில்லை. நான்கு வருடம் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் கடன் கொடுத்தவர் இருந்தால் வரலாம் என்று அறிவிப்புச் செய்த பிறகே வாரிசுகளுக்குப் பிரித்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. கடன் 22 லட்சம் என்றால் அடைத்ததும் 22 லட்சம்தான். காலம் போகப் போக அது குட்டி போடவில்லை. கடனுக்குப் பின்னால் உண்மையான சொத்து இருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் கடனைக் கண்டு அஞ்சினார்கள். வட்டியில்லாத கடனுக்கே அந்தக் கவலை!

ஹலாலான வழிகள்

அப்படியானால் கையில் சிறு தொகை உள்ளவர் என்ன செய்வது?

முதலாவது, கூட்டு. 30 லட்சம் வீட்டை ஐந்து சகோதரர்கள் ஆளுக்கு 6 லட்சம் போட்டு வாங்கலாம். ஐந்து பேர் பெயரிலும் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். 9,000 வாடகை வந்தால் ஆளுக்கு 1,800. பராமரிப்புச் செலவும் அதே விகிதத்தில். பிறகு ஒருவர் மற்றவர்களின் பங்கை அன்றைய விலைக்குச் சிறிது சிறிதாக வாங்கி, கடைசியில் முழு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஆகலாம். இலங்கையிலும் மலேசியாவிலும் இஸ்லாமிய வங்கிகள், குறைந்துகொண்டே வரும் கூட்டு என்ற பெயரில் இதே அடிப்படையைத்தான் வைத்திருக்கின்றன. நம் நாட்டில் அத்தகைய வங்கி இல்லை. அண்ணன் தம்பிகளும் நண்பர்களும் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது, விற்பவரிடமே தவணைக்கு வாங்குவது. ஹஜ்ரத் பரீரா (ரலி) அவர்கள் வருடத்துக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஊக்கியா கொடுப்பதாகத் தம் விடுதலைக்கு ஒப்பந்தம் செய்தார்கள். தவணை முறை அன்றே இருந்திருக்கிறது. ரொக்க விலையைவிடத் தவணை விலை அதிகமாக இருந்தாலும் பெரும்பான்மையான இமாம்களிடம் கூடும். விலை எவ்வளவு, எத்தனை தவணை என்பது பேச்சு முடியும்போதே உறுதியாகிவிட வேண்டும். தாமதமானால் இவ்வளவு கூடும் என்ற ஷரத்து இருக்கக் கூடாது. கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி பகராவின் 280-வது வசனம் சொல்கிறது.

மூன்றாவது, பொறுமை. 3 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்கு என்ன கிடைக்குமோ அதை வாங்குங்கள். ஊர் ஓரத்தில் சிறு மனை கிடைக்கலாம். நம்பிக்கையானவர் கடையில் லாப நஷ்டப் பங்காகப் போடலாம். சிறியதாக இருந்தாலும் அது உங்களுடையது. இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

எதைச் செய்தாலும் எழுதி, சாட்சி வைத்துச் செய்யுங்கள். குர்ஆனிலேயே நீளமான வசனம், பகராவின் 282-வது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். சொந்தக்காரர்தானே என்று எழுதாமல் விட்டு, பிறகு சொந்தமும் போய் சொத்தும் போன குடும்பங்கள் எத்தனை!

ஜமாஅத் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பைத்துல்மாலில் அழகிய கடன் கொடுக்கும் ஏற்பாட்டைப் பலப்படுத்துங்கள். ஹராம் என்று மிம்பரில் சொல்லிவிட்டு, ஹலாலான வாசலைத் திறந்து வைக்காவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடாது.

ஏற்கனவே சிக்கியவர்களுக்கு

இந்தப் பள்ளியில் அமர்ந்திருப்பவர்களில் சிலர் இப்போதே தவணை கட்டிக்கொண்டிருக்கலாம். உங்களை விரட்டுவதற்காக இந்த பயான் இல்லை. தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

இனி புதிதாக இப்படி ஒரு கடன் வாங்குவதில்லை என்று உறுதி எடுங்கள். இருக்கும் கடனைச் சீக்கிரம் முடிக்கப் பாருங்கள். தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே உத்தரவிட்டிருக்கிறது. பலருக்கு இது தெரியாது. வெளிநாட்டுப் பணம் வந்தால், பழைய மனை விற்றால், வண்டி மாற்ற வைத்த தொகை இருந்தால், முதலில் அசலில் கட்டுங்கள். வாடகை வீடுதான் என்றால், அதை விற்றுக் கடனை முடித்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டு சிறியதாக ஆரம்பிப்பது பலருக்கு ஏற்ற வழி. வட்டி ஹராம் என்பதைக் காரணம் காட்டி, வாங்கிய அசலைக் கட்டாமல் ஏமாற்றுவது கூடாது. அது இன்னொரு பாவம். உங்கள் சூழ்நிலையை உலமாக்களிடம் தனியாகச் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடினார்கள். கடனை ஏன் இவ்வளவு அதிகமாகக் குறிப்பிடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். மூன்று தீனார் கடனோடு இறந்தவரின் ஜனாஸாவுக்கு முன்னால், அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்கும் வரை பெருமானார் (ஸல்) அவர்கள் தொழ வைக்கவில்லை. 27 லட்சத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்று தீனாரை நினைத்துப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உணவையும் உடையையும் வீட்டையும் ஹலாலானதாக ஆக்கி வைப்பாயாக! குறைவாக இருந்தாலும் பரக்கத்தான ரிஸ்கைத் தருவாயாக! வட்டியில் சிக்கியிருக்கும் எங்கள் சகோதரர்களை அதிலிருந்து இலேசாக மீட்டெடுப்பாயாக! கடன் சுமை இல்லாத நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.